ஏழாவது தடத்துப் பெண்

பயிற்சிக்கு வந்திருந்த மருந்துக்கடைக்காரம்மா சாலையை விட்டுவிட்டுப் பக்கத்து இருக்கையையே பார்த்து ஓட்டியதில், கார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

"கிளட்ச்சை மெதுவா விடுங்கம்மா. அது என்ன பல்லியா, தொட்டவுடனே பதறி விடறதுக்கு?" என்றாள் மைனா.

"இல்லங்க, வந்ததுலேர்ந்து கேக்கணும்னு வாய் வரைக்கும் வருது. நீங்க அந்தப் படத்துல நடிச்ச பொண்ணுதானே? நீச்சல் குளத்துப் பேய்ப் படம். கடைசியில தண்ணிக்குள்ள முழுகுவீங்களே."

"நான்தான். முதல்ல வண்டியை ஓரங்கட்டுங்க. பின்னாடி லாரிக்காரர் நம்மளையே முழுங்கற மாதிரி பாக்கறாரு."

மைனா என்பது அப்பா வைத்த செல்லப்பெயர். பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது என்பதால் வந்தது. வளர்ந்தும் வாய் ஓயாததால் பெயரும் கூடவே வளர்ந்து, இப்போது அவள் நடத்தும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பலகையிலும் ஏறிவிட்டது. ஆனால் அவளிடம் வண்டி கற்றுக்கொள்ள வருகிற ஒரு குறிப்பிட்ட வயதுக்காரர்களுக்கு மட்டும் அவள் வேறு யாரோ. பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, பையைத் தோழி வீட்டில் போட்டுவிட்டு, விரலிடுக்கு வழியாக அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். படத்தின் பெயர் 'ஏழாவது தடம்'.

அன்று மாலை வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மகள்தான் எடுத்தாள். "அம்மா, யாரோ ஒரு தாத்தா. உன்னை 'ஏ மைனா, எங்க இருக்க'ன்னு கேக்கறாரு."

அது இயக்குநர். குரல் கரகரத்திருந்தது; அதிகாரம் மட்டும் அப்படியே இருந்தது.

"நம்ம படத்தைப் பழுது பார்த்துத் திரும்பப் போடறாங்க. ஞாயித்துக்கெழமை மத்தியானக் காட்சி. வந்துரு. சாக்குப்போக்குச் சொல்லாத."

"வரேன் சார். நம்ம பசங்கல்லாம்?"

"ரெண்டு பேரு வெளிநாடு. ரெண்டு பேருக்கு அதே நாளு கல்யாண வேலை. நீதான் வர்ற."

மைனா தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். "அந்தப் பொண்ணு, சார்?"

அந்தப் பக்கம் கொஞ்சம் இருமல். "நம்பர் கெடைச்சுது. சொல்லியிருக்கேன். வருமா வராதான்னு தெரியாது."

தொலைபேசியை வைத்த பிறகு மைனா, ஏற்கெனவே கழுவிய காலை மறுபடியும் கழுவினாள். அம்மா இப்படி ஒரே வேலையை இரண்டு தடவை செய்ததை அதற்கு முன் பார்த்ததில்லை என்று மகள் பிறகு சொன்னாள்.

அந்தப் படம் எடுத்தபோது மைனாவுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூட நாடகத்தில் வழக்கறிஞராக வந்து, கொடுத்த வசனத்துக்கு மேல் தானாகவே பத்து வரி சேர்த்துப் பேசியதைப் பார்த்துத்தான் இயக்குநர் அவளைத் தேர்ந்தெடுத்தார். அவரும் அப்போது இளைஞர்தான். ஒரே சட்டையை இரண்டு நாள் போடுவார். காலில் எப்போதும் ரப்பர் செருப்பு. மைனாவோடு சேர்த்து அவர் தேர்ந்தெடுத்த மாணவர்கள் ஐந்து பேர். ஒருவருக்கும் நடிப்பில் அனுபவம் கிடையாது.

கதை எளிமையானது. மூடிக்கிடக்கும் ஒரு நீச்சல் மன்றத்துக்குள் ஐந்து மாணவர்கள் சுவரேறிக் குதிக்கிறார்கள். குளத்தில் நீந்துவதற்கு ஆறு தடங்கள். சுவரிலிருக்கும் பெரிய கண்ணாடியில் பார்த்தால் மட்டும் ஏழு. அந்த ஏழாவது தடத்தில், பல வருஷங்களுக்கு முன்பு மூழ்கிப்போன ஒரு மாணவி இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறாள். கூட வந்த தோழிகள் தன்னை விட்டுவிட்டு ஓடிய கோபம் அவளுக்கு.

படப்பிடிப்பும் உண்மையிலேயே மூடிக்கிடந்த ஒரு மன்றத்தில்தான் நடந்தது. நீலப் பளிங்குச் சில்லுகள் உதிர்ந்த குளம், கதவில்லாத உடைமாற்றும் அறைகள், எங்கு பார்த்தாலும் குளோரின் வாடை, வெளியே எந்நேரமும் தடதடக்கும் ஜெனரேட்டர். ஐந்து பேருக்கும் கீழ்த்தளத்தில் ஒரு திறந்த கூடம். அங்கே ஒரு கேரம் பலகை, பாதிக் காய்கள் இல்லாதது; காணாமற்போன காய்களுக்குப் பதிலாகச் சோடா மூடிகள். காட்சிக்குக் காட்சி நடுவே காத்திருக்கும் நேரமெல்லாம் அங்கேதான் கழியும். யாராவது ஒருவர் பாட்டை எடுத்துவிட்டால் மற்ற நால்வரும் மேசையில் தாளம் போடுவார்கள். ஐந்து பேரில் 'நெட்டை' என்றொருவன், ஒப்பனை அக்கா நடக்கிற மாதிரியே நடந்து காட்டுவான். அந்த அக்காவே பின்னால் வந்து நின்று அவன் காதைத் திருகுவார். வீட்டை விட்டு, பாடத்தை விட்டு, பெரியவர்களின் கண்பார்வையை விட்டு அத்தனை நாள் இருந்தது ஐந்து பேருக்கும் அதுதான் முதல் தடவை. இப்போது நினைத்தாலும் மைனாவுக்கு அந்தக் குளோரின் வாடை மூக்கில் ஏறும், நெஞ்சு இனிக்கும்.

ஆறாவதாக ஒருத்தியும் இருந்தாள். பேயாக நடித்த பெண்.

முதல் நாளே இயக்குநர் ஐவரையும் வரிசையாக உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். "உங்க யாருக்கும் நடிக்கத் தெரியாது. பயப்படத் தெரியும். அதை நான் கெடுக்க மாட்டேன். அந்தப் பொண்ணோட நீங்க பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, வேஷமில்லாம அவ முகத்தைப் பாக்கவும் கூடாது. அவளுக்கும் இதேதான் சொல்லியிருக்கேன். பழகிட்டா பேய் போயிரும், பொண்ணுதான் நிக்கும்."

"குட் மார்னிங்காவது சொல்லலாமா சார்?" என்றாள் மைனா.

"முக்கியமா நீ சொல்லக் கூடாது. நீ குட் மார்னிங் சொன்னா அது சாயங்காலம்தான் முடியும்."

அப்படியே நடந்தது. அந்தப் பெண்ணுக்கு மாடியில் தனி அறை. சாப்பாடு மேலே போகும். அவள் வண்டி வேறு, வருகிற நேரம் வேறு. கேமரா ஓடத் தொடங்கிய பிறகுதான் அவளைப் பார்ப்பார்கள். சுண்ணாம்பு பூசிய மாதிரி முகம், முதுகில் ஒட்டிய ஈரக் கூந்தல், பால்படிந்த கண்கள். அவள் மாவட்ட அளவில் பதக்கம் வாங்கிய நீச்சல்காரி என்பது மட்டும் ஒப்பனை அக்கா வழியாகக் கசிந்தது. தண்ணீருக்குள் அவள் மூச்சடக்கிக் கிடந்ததைப் பார்த்த விளக்குக்காரர் ஒருவர், "உசுரு போயிருச்சா?" என்று கேட்டே விட்டாராம்.

இயக்குநரின் கணக்கு தப்பவில்லை. அந்தப் பெண் குளத்திலிருந்து எழுந்தபோதெல்லாம் ஐவருக்கும் குலை நடுங்கியது. நெட்டை ஒரு காட்சியில் வசனத்தை மறந்து உண்மையாகவே ஓடிப்போய், வாசல் காவலாளிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். படத்தில் அந்த ஓட்டம் அப்படியே இருக்கிறது. தியேட்டரில் அதற்கு விசில் பறந்தது.

கடைசிக் காட்சியைக் கடைசி நாளன்று எடுத்தார்கள். குளத்தின் அடிச்சுவரில் தடித்த கண்ணாடி பதித்த ஒரு ஜன்னல் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் பம்பு அறையில் கேமரா. மைனா தண்ணீரில் விழ வேண்டும். பேய் அவள் கையைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். திமிறித் திமிறி அடங்க வேண்டும். பிறகு அசையாத தண்ணீரோடு படம் முடிந்துவிடும். மைனாவுக்கு ஓரளவு நீந்தச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்; காப்பாற்றுவதற்கு இரண்டு பேர் கரையில் தயாராக நின்றார்கள்.

முதல் இரண்டு தடவை சரிவரவில்லை. மூன்றாம் தடவை, கீழே போகும் முன்பே மைனாவின் மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. கையைத் தட்டிச் சைகை காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்ததெல்லாம் மறந்தே போயிற்று. நீலமாக எல்லாம் சுழன்றது. அந்த வெள்ளை முகம் அவளுக்கு நேர் எதிரே வந்தது. அவ்வளவு நாள் பயந்த முகம். பிறகு அவள் கன்னத்தில் ஓர் உள்ளங்கை படிந்தது. மைனாவுக்கு அது மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது: அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. பயம் சட்டென்று வடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று தெளிவில்லை. ஒரு தோள், ஓர் உந்தல், தலைக்கு மேலே வெளிச்சம், இருமல், யாரோ சுற்றிய துண்டு.

துண்டோடு உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தபோது சுற்றுமுற்றும் தேடினாள். அந்தப் பெண்ணைக் காணவில்லை. விதியை மீறி மாடிக்கு ஓடினாள். அறை திறந்து கிடந்தது. ஒப்பனை அக்கா பஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"போயிட்டாளேம்மா. நாளைக்குக் காலைல அவளுக்கு வெளியூர்ல போட்டியாம். தலையைக்கூடத் துவட்டாம வண்டில ஏறிட்டா."

இயக்குநர் படத்தின் முடிவையே மாற்றிவிட்டார். பேய் அவளை மூழ்கடிக்கவில்லை, மேலே தள்ளிவிடுகிறது. வெளியானபோது எல்லோரும் பேசியது அந்தக் காட்சியைப் பற்றித்தான். 'மரணத்தை நேருக்கு நேர் பார்த்து, அதையே நம்பிவிடுகிற ஒரு முகம். இந்த வயதில் இப்படி ஒரு நடிப்பா' என்று ஒரு பத்திரிகை மைனாவைப் பற்றி எழுதியது. அம்மா அதை வெட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. வேஷம் நன்றாக இருந்தது என்று ஒப்பனைக்குத்தான் பாராட்டு கிடைத்தது. அவளுக்கு வசனமே கிடையாது என்பதால் குரல் கொடுக்கவும் வரவில்லை. முதல் காட்சிக்கும் வரவில்லை.

மைனா அதற்குப் பிறகு இரண்டு படங்களில் நடித்தாள். இரண்டிலும் கத்தத்தான் சொன்னார்கள். தொண்டைதான் புண்ணானது. இரண்டாவது படத்துக்காக ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஜீப் பிடித்துப்போயிற்று, படம் பிடிக்காமல் போயிற்று. வாழ்க்கை அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அதில் அவளுக்கு வருத்தமொன்றுமில்லை. ஆனால் எங்கேயாவது நீச்சல் குளத்தைத் தாண்டி வண்டி போகும்போது, நமக்கு உயிர் கொடுத்தவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று மட்டும் மனதுக்குள் ஒரு முள் புரளும்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். சின்னத் தியேட்டர்தான். வாசலில் இயக்குநர் கைத்தடியோடு நின்றார். காலில் இப்போதும் ரப்பர் செருப்பு. மைனாவின் தலையில் கை வைத்து, "குண்டாயிட்ட," என்றார்.

"நீங்க பாதியா ஆயிட்டீங்க சார். ரெண்டும் சரியாப் போச்சு."

அவளுடைய கண்கள் கூட்டத்தைத் துழாவிக்கொண்டே இருந்தன. மெலிந்து, வெளுத்து, நீளக் கூந்தலோடு ஒருத்தி ஓரமாக நிற்பாள் என்று அவளையும் அறியாமல் எதிர்பார்த்திருந்தாள். அப்படி யாரும் வரவில்லை.

விளக்கு அணைகிற நேரத்தில் ஒரு பெண் திடுதிடுவென்று நுழைந்து, வரிசையில் இருந்தவர்களின் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு மைனாவுக்குப் பக்கத்து இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தாள். அகன்ற தோள், ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிய முடி, கழுத்தில் ஒரு விசில். "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க," என்று அவள் சொன்னது ரகசியக் குரல் என்று அவள் நினைத்திருக்கலாம். முன்வரிசை வரைக்கும் கேட்டது.

படம் ஓடியது. ஐந்து பேரும் சுவரேறிக் குதித்தார்கள். அந்தக் கூடம், அந்தச் சில்லுகள், எல்லாவற்றிலும் அந்தப் பதினாறு வயசு. மைனா இருக்கையின் நுனிக்கு நகர்ந்தாள். "அம்மா, நீயா இது? கழுத்து இவ்வளவு நீளமாவா இருந்துச்சு?" என்று மகள் கிள்ளினாள்.

குளத்திலிருந்து பேய் முதல்முறையாக எழுந்தது. அரங்கமே வீலென்றது. மகள் மைனாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கைக்காரி மட்டும் சிரித்தாள்.

"கண்ணுல அந்த லென்ஸைப் போட்டா ஒரு மண்ணும் தெரியாது," என்றாள் யாரிடம் என்றில்லாமல். "பாருங்க, நேராப் போய்த் தூண்ல முட்டப் போகுது."

பேய் போய்த் தூணில் முட்டியது. இத்தனை வருஷமாக உலகம் அதைப் பேயின் ஆவேசம் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

மைனா மெதுவாகத் திரும்பினாள். திரையின் வெளிச்சத்தில் அந்தக் கன்னம், அந்த மூக்கு. சுண்ணாம்புக்கு அடியில் ஒரு முகம் இருந்ததே, இப்படித்தான் இருந்ததா? மைனா அவள் பக்கமாகச் சாய்ந்தாள். வாயிலிருந்து வந்தது இதுதான்: "குட் மார்னிங்."

அந்தப் பெண் திகைத்துப் பார்த்தாள். பிறகு அவள் முகம் முழுக்க மலர்ந்தது. "நீதானா! நீ குட் மார்னிங் சொன்னா சாயங்காலம்தான் முடியும்னு சார் சொன்னாரே, மேல இருந்து கேட்டுச்சு எனக்கு."

பின்வரிசையிலிருந்து யாரோ உஷ் என்றார்கள். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். கடைசிக் காட்சி வந்தபோது மைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் நீல வெளிச்சம், இரண்டு முகங்கள், கன்னத்தில் ஒரு கை. படம் முடிந்து விளக்குப் போட்டபோது இருவர் முகமும் நனைந்திருந்தது.

வெளிக்கூடத்தில் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் நின்றுதான் மைனா அதைச் சொன்னாள். எத்தனையோ தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்தது. "அன்னைக்கு நீங்க இல்லைன்னா நான் இல்ல. நன்றின்னு ஒரு வார்த்தைகூடச் சொல்லல."

விசில்காரி தேநீரைக் கீழே வைத்தாள். "என்ன சொல்றீங்க? எனக்குத்தான் அன்னைக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. அசைக்க முடியல. லென்ஸ்ல கண்ணும் தெரியல, மேல எது கீழ எதுன்னு புரியல. கையை நீட்டினேன், உங்க கன்னம் தட்டுப்பட்டுச்சு. உங்களைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் மேல வந்தேன். நீங்கதானே என்னைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"நானா? எனக்கு ஒழுங்கா நீந்தவே தெரியாது! ஒரு தோள் என்னை முட்டித் தள்ளுச்சு."

"அது நான் துடிச்சதா இருக்கும்."

மைனாவும் தன் தேநீரைக் கீழே வைத்தாள்.

"அடுத்த நாள் போட்டியில நான் கடைசியா வந்தேன்," என்றாள் விசில்காரி. "தண்ணியில இறங்கவே பயமா இருந்துச்சு. கோச் திட்டினாரு. அப்ப உங்களைத்தான் நெனைச்சுக்கிட்டேன். சரியா நீந்தத் தெரியாத பொண்ணு ஒருத்தி என்னையும் இழுத்துக்கிட்டு மேல வந்தாளே, நமக்கு என்ன கேடுன்னு. அந்தத் தைரியத்துலதான் திரும்ப இறங்கினேன். இப்ப எங்கிட்ட அறுபது குட்டிங்க நீச்சல் கத்துக்குதுங்க. அதுங்ககிட்டெல்லாம் உங்க கதையைத்தான் சொல்லுவேன்."

மைனா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இத்தனை வருஷம் இவளைப் பற்றித் தன் மகளுக்குச் சொன்ன கதையை, இவள் தன்னைப் பற்றி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். இருவரும் ஒரே நேரத்தில் இயக்குநரிடம் திரும்பினார்கள்.

"சார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கதானே நின்னீங்க. யாரு யாரைத் தூக்கினா?"

கிழவர் கைத்தடியின் பிடியைத் தடவினார். "எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ தப்பா நடக்குதுன்னு புரிஞ்சவுடனே நான் பயத்துல கண்ணை மூடிட்டேன். ஆளுங்க குதிச்சாங்களா, நீங்களே வந்தீங்களா, எதுவும் தெரியல. திறந்து பாத்தா ரெண்டு பேரும் மேல இருமிக்கிட்டு இருக்கீங்க. சாமி கும்பிட்டேன். அப்புறம்தான் கேமரா ஓடிக்கிட்டு இருந்ததே ஞாபகம் வந்துச்சு. அதுலயும் கன்னத்துல கை பட்டதுக்கு அப்புறம் வெறும் நுரைதான்; பேய் தள்ளிவிட்ட மாதிரி நான்தான் வெட்டி ஒட்டினேன்."

"பழகிட்டா பேய் போயிரும்னு சொன்னீங்களே சார்," என்றாள் மைனா. "போகட்டும்னு விட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருப்போம்."

"படம் நல்லா இருந்திருக்காது," என்றார் அவர். சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆனா மேல சாப்பாடு அனுப்புறப்பல்லாம் எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கும்," என்றார்.

"தனியாத்தான் இருந்தேன்; ஆனா அழுதுக்கிட்டு இருந்தேன்னு நெனைக்காதீங்க," என்றாள் விசில்காரி. "லென்ஸைக் கழட்டிட்டு ஜன்னல்ல உக்காந்தா உங்க கூடம் பூராத் தெரியும். நீங்க அஞ்சு பேரும் போடற கூத்தைப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு, பூசின சுண்ணாம்பு வெடிச்சிரும். ஒப்பனை அக்கா திட்டித் திட்டித் திரும்பப் பூசுவாங்க. நெட்டையன் கேரம்ல திருட்டு ஆட்டம் ஆடுவான், தெரியுமா? சோடா மூடியைச் சட்டைப்பையில போட்டுப்பான். மேலேர்ந்து கத்தணும் போல இருக்கும். பேய் கத்தக் கூடாதே."

"திருட்டுப் பய! அதான் அவன் தோத்ததே இல்லையா!" மைனா மேசையில் அடித்தாள். மகள் தேநீரைச் சிந்திக்கொண்டு சிரித்தாள்.

பேச்சு பிடித்துக்கொண்டது. யார் யாரைக் கல்யாணம் செய்தார்கள், யாருக்கு எந்த மூட்டு வலிக்கிறது, ஒப்பனை அக்கா இப்போது எங்கே என்றெல்லாம் போய், 'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று என்று தெரியாமலே 'டீ' வரைக்கும் வந்துவிட்டது. இயக்குநர் காரில் கிளம்பிப் போய்விட்டார். மகள் தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று விடைபெற்றாள். தியேட்டர்க்காரர் வந்து, அடுத்த காட்சிக்கு ஆள் வருகிறார்கள், கூடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று மூன்றாம் முறையாகச் சொன்னார்.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே குளிராக இருந்தது. விசில்காரி சுவரொட்டியைக்கூடப் பார்க்காமல் இரண்டு டிக்கெட் எடுத்தாள். கடைசி வரிசை மூலையில் போய் உட்கார்ந்தார்கள். படம் ஆரம்பித்து, யாரோ யாரையோ துரத்தி, யாரோ பாடி, யாரோ அழுதார்கள். முன்வரிசைகளிலிருந்து உஷ் உஷ் என்று சத்தம் வந்தபடியே இருந்தது. இடைவேளையில் ஒரு பெரியவர் எழுந்து வந்து, "ஏம்மா, பேசறதுக்கா தியேட்டருக்கு வர்றீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றார்கள் இருவரும்.